உருகாத ஐஸும் நாற்பத்தொரு துஷ்டி வீடுகளும்

சீலாத்துறையில் ஐஸ் உருகுவதை நிறுத்திய வாரம்தான் நான் பதினொன்றாம் வகுப்பை நிறுத்தினேன். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் ஊரில் இரண்டையும் சேர்த்துத்தான் பேசினார்கள், ஏனென்றால் எங்கள் ஊரில் ஒரே வாரத்தில் நடக்கிற இரண்டு காரியங்களுக்குக் காரணம் ஒரு பொம்பளைப் பிள்ளையாகத்தான் இருக்க முடியும்.

என் அப்பா எஸ்தாக்கி அந்த ஐஸ் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் ஆபரேட்டர். கம்பெனிக்கு ஒரு பெயர்ப்பலகை இருந்தது, அதில் என்ன எழுதியிருந்தது என்று உயிரோடு இருக்கிற யாருக்கும் தெரியாது, எழுத்தையெல்லாம் உப்புக்காற்று எப்போதோ தின்றுவிட்டது. அறுபது வருஷத்துக்கு முன்னால் பெரிய மச்சாது முதலாளி கொழும்பில் யாரோ வேண்டாமென்று ஒதுக்கிய மிஷினைத் தோணியில் ஏற்றிக் கொண்டுவந்து கரையில் இறக்கினார், அதைப் பார்த்து ஊரே சிரித்தது, பிடித்த மீனை அன்றைக்கே தின்னாமல் குளிரவைத்துத் தின்ன மீனுக்கென்ன காய்ச்சலா என்று கேட்டது, திறப்பு விழா அன்று பங்குச்சாமியார் முதல் ஐஸ் பாரை மந்திரிக்க ஆரம்பித்து லத்தீன் ஜெபத்தை முடிப்பதற்குள் பார் பாதியாகி, அந்தப் பாதியையும் பிள்ளைகள் உடைத்துக்கொண்டு ஓடி, கடைசியில் சாமியார் ஒரு ஈரச் சாக்கின் மேல்தான் தீர்த்தம் தெளித்தார். பிறகு இறால் வந்தது, இறாலுக்கு ஐஸ் வேண்டியிருந்தது, சிரித்தவர்களெல்லாம் கைவண்டியோடு வரிசையில் நின்றார்கள். ஐஸ் வந்த பிறகு எங்கள் ஊரின் நல்ல மீன் முழுக்க எங்கள் ஊரைவிட்டுப் போயிற்று, நாங்கள் சாளை தின்றோம், மீன் போன பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்த ஆம்பிளைப் பிள்ளைகளும் அதே பாதையில் போனார்கள், குவைத்துக்கு, மஸ்கட்டுக்கு, கப்பலுக்கு. என் அண்ணன் டெரன்ஸ் கப்பலுக்கு. இதுதான் ஐஸ் கம்பெனியின் வரலாறு. மிச்சத்தைப் பெருநாள் மேடையில் பேசுகிறவர்கள் சேர்த்துக்கொள்வார்கள்.

ஐஸ் உருகவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தது அப்பாதான். தகர டின்னில் தண்ணீரை ஊற்றி, அதை உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, ஒரு நாளுக்கு மேல் உறையவைத்து, மேலே தூக்கி, பச்சைத்தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் ஓரம் உருகிப் பார் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அன்றைக்கு வரவில்லை. அப்பா இன்னொரு முக்கு முக்கினார். டின்னைக் கவிழ்த்துத் தட்டினார். சுடுதண்ணீர் ஊற்றினார், சுடுதண்ணீர்தான் ஆறியது. கடைசியில் அடுத்த தடவை உறையவைப்பதற்கு முன்னாலேயே டின்னுக்குள் சாளை எண்ணெயைத் தடவிவிட்டார், பார் சமர்த்தாக வெளியே வந்தது. பார் வராத அந்த முதல் நாள் மத்தியானம் வீட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டே, "இன்னைக்கு ஐஸ் உருக மாட்டேங்குது பிலோமி, புளிக்குழம்பு இருக்கா?" என்று அம்மாவிடம் கேட்டார். இருந்தது. சாப்பிட்டார்.

ஊர் அதை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. முதல் நாள் அதிசயம் என்றார்கள், இரண்டாம் நாள் அந்தோணியார் புதுமை என்றார்கள், மூன்றாம் நாள் பக்கத்து ஊர்க்காரன் பொறாமைப்படுகிறான் என்றார்கள், நாலாம் நாளிலிருந்து எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் பேச்சு. ஒரு பாரை உடைத்து ஏற்றிக்கொண்டு போன படகு அதே ஐஸோடு ஒரு மாதம் தொழில் பார்த்தது. யாரும் இரண்டாவது பார் வாங்க வரவில்லை. முதலில் கடைத்தெருவெல்லாம் லட்டு கொடுத்த சின்ன மச்சாது முதலாளி பத்தாம் நாள் கம்பெனி வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, "எஸ்தாக்கி, கொஞ்சம் மட்டமாத்தான் போடேன்யா, ஒனக்கு என்ன கேடு?" என்று கெஞ்சினார். அப்பா, "நான் எப்பவும் போடுற மாதிரிதான் போடுதேன் மொதலாளி, அது கேக்க மாட்டேங்குது" என்றார். சர்பத் கடைக்காரர் ஒரே ஒரு ஐஸ்கட்டியை வைத்துக்கொண்டு கோடைகாலம் முழுக்க வியாபாரம் செய்தார், குடித்து முடித்தவர்கள் கட்டியை டம்ளரிலேயே விட்டுவிட்டு வர வேண்டும், அவர் அதைக் கழுவி அடுத்த டம்ளரில் போடுவார். பஸ் நிறுத்தத்தில் இரண்டு பாரை வரிசையாகப் போட்டு பெஞ்சு ஆக்கினார்கள், உட்கார்ந்தவர்களுக்கு மூலச்சூடு குறைந்தது. ஊர்க் கமிட்டித் தலைவர் தார்சியூஸ் தன் பெயரைச் செதுக்கிய ஐஸ் கல்வெட்டு ஒன்றைச் சமூகக்கூடத்தின் வாசலில் பதித்தார். வியாபாரிகள் மீனை விற்காமல் விலை ஏறட்டும் என்று அடுக்கிவைத்தார்கள், போன பெருநாள் சீலாமீன் இந்தப் பெருநாளுக்கும் கண் சிவக்காமல் கிடந்தது.

இதிலெல்லாம் எனக்கு ஒன்றும் இல்லை. பெஞ்சில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். வினை ஆரம்பித்தது தார்சியூஸ் மாமாவின் அம்மா செத்தபோது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மூத்த மகன் வந்து குழிக்குள் முதல் கைமண் போட வேண்டும், அதற்கு முன்னால் வேறு யாரும் போடக் கூடாது. மகன் வெளிநாட்டில் இருந்தால் பிணத்தை ஐஸில் வைத்து மூன்று நாள் காத்திருப்பார்கள். மூன்றாம் நாள் சாக்கு நனையும், தரை நனையும், வாசலில் நிற்கிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். எந்த மகனாக இருந்தாலும் அதற்குள் எந்த அரபியின் காலில் விழுந்தாவது, எந்த விமானத்தில் தொற்றிக்கொண்டாவது வந்து சேர்ந்துவிடுவான். இப்போது ஐஸ் உருகவில்லை. தார்சியூஸ் மாமாவின் அண்ணன் தோகாவிலிருந்து, "எனக்கு ரெண்டு வாரம் கழிச்சு லீவு போட்டா வசதி" என்றார். சரி என்றார்கள். இரண்டு வாரம் இரண்டு மாதமாயிற்று. கிழவி புதுப் புடவையில் அப்படியே கிடந்தாள், சொல்லப்போனால் உயிரோடு இருந்தபோது இருந்ததைவிடப் பளிச்சென்று இருந்தாள்.

அதற்குப் பிறகு அது கௌரவமாகிவிட்டது. மூன்று நாளில் அடக்கம் செய்கிறவன் ஏழை, மகனில்லாதவன், அல்லது மகன் உள்ளூரிலேயே வலை இழுக்கிறவன். "எங்க அப்பாவுக்கு அஞ்சு மாசம்" என்று ஒருத்தர் சொன்னால், "எங்க மாமனாருக்கு ஆறு முடியப்போவுது, மருமவன் கனடால்லா" என்று இன்னொருத்தர் சொல்வார். வீடுகளில் இடமில்லை என்று கமிட்டி சமூகக்கூடத்தைத் திறந்துவிட்டது. பந்தி போடுகிற ஹாலில் இரண்டு வரிசையாக ஐஸ் மேடை, நடுவில் நடைபாதை, தலைமாட்டில் பெயர், மகனின் பெயர், மகன் இருக்கிற நாடு. கல்யாணங்களைத் தென்னந்தோப்புக்கு மாற்றினார்கள். வார்டு எலெக்‌ஷனுக்கு நின்றவர்கள் அங்கேயும் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள், அடக்கம் ஆகாதவரை வாக்காளர் பட்டியலில் பெயரை அடிக்க முடியாது அல்லவா. பங்குச்சாமியார் வெள்ளிக்கிழமை தோறும் அங்கே பூசை வைத்து, இதைவிட அமைதியாகப் பிரசங்கம் கேட்கிற சபையைத் தான் பார்த்ததில்லை என்றார்.

ஒரே ஒரு சிக்கல்தான். சாவு விழுந்த துஷ்டி வீட்டில் அடக்கம் முடிகிறவரை அடுப்பு மூட்டக் கூடாது, அக்கம்பக்கத்தார்தான் சோறு கொடுக்க வேண்டும். மூன்று நாள் கொடுக்கலாம். ஆறு மாதம் எப்படிக் கொடுப்பது? அப்படியும் கொடுத்தார்கள், பிறகு கொடுத்த வீட்டிலும் ஒரு சாவு விழுந்தது, பிறகு அந்த வீட்டுக்குக் கொடுத்த வீட்டிலும். பஜாரில் ஒன்றாக இருந்த பரோட்டாக் கடை ஏழாயிற்று.

கார்த்திகை மாதம் அப்பா செத்தார். பாரைக் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே அதன்மேல் சாய்ந்தார், கொக்கி பிடித்த கை கடைசிவரை விரியவில்லை. கூடத்தில் இருபத்தேழாவது ஆள். அவர் போட்ட ஐஸின் மேலேயே அவரைக் கிடத்தினார்கள், அதில் ஒரு பெருமை இருப்பதாகத் தார்சியூஸ் மாமா மைக்கில் சொன்னார்.

டெரன்ஸ் அண்ணன் போனில் குலுங்கிக் குலுங்கி அழுதான். அது நடிப்பில்லை. அழுது முடித்துவிட்டு, "கப்பல் இப்ப பிரேசில்ல நிக்குது தெக்லா. பொங்கலுக்கு வந்துருதேன். ஐஸ் இருக்குல்லா?" என்றான்.

"இருக்கு."

"அப்புறம் என்ன?"

பொங்கல் முடிந்தது. ஈஸ்டருக்கு என்றான். அம்மா மீன்கூடையோடு ஏலத்துக்குப் போவதை நிறுத்தியிருந்தாள், துஷ்டிக்காரி கூடை தூக்கக் கூடாது. பச்சைத் தண்ணீரும் அடுத்த வீட்டுச் சோறும். தினமும் காலையில் கூடத்துக்குப் போய் அப்பாவின் மீசையில் பூத்திருக்கும் வெள்ளையை முந்தானையால் துடைப்பாள், சாயங்காலத்துக்குள் மறுபடியும் பூத்துவிடும். அழுகிறதா, அழுது முடித்துவிட்டோமா என்று அவளுக்கே தெரியவில்லை. ஒப்பாரி மூன்று நாளைக்குத்தான் இருக்கிறது, நாலு மாதத்துக்கு யாரும் கட்டிவைக்கவில்லை. ஒருநாள் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தவள், "உப்பு இல்ல, பாருங்களேன்" என்று அவரிடம் நீட்டினாள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அப்பா போனது போதும், இவளும் அந்த ஹாலில் ஒரு ஆளாகிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வீட்டு வியாகுலம் மாமிதான் எங்களுக்குச் சோறு. அவளும் வாசலில் நின்று சொல்லிவிட்டாள், "ஏட்டி, ஒங்கப்பன் தங்கமான மனுசன்தான், இல்லேங்கல. அதுக்காவ நாலு மாசமா குழம்பு வைக்க முடியுமா? எனக்கே எம் புருசன் செத்தாக்கூட இவ்வளவு செஞ்சிருக்க மாட்டேன்." உள்ளேயிருந்து மாமியின் புருஷன் இருமினார்.

நான் கமிட்டிக்குப் போனேன்.

"தார்சியூஸ் மாமா, எங்கப்பாவ அடக்கம் பண்ணணும். முதல் மண்ண நான் போடுதேன்."

கமிட்டியில் இருந்த மற்ற ஆறு பேரும் சிரித்தார்கள். தார்சியூஸ் மாமா சிரிக்கவில்லை, அவர் தலைவர். "பள்ளிக்கூடத்தையே பாதில விட்டவ, வழக்கத்த மாத்த வந்துட்டியோ? மூத்தவன் உசிரோட இருக்கும்போது பொட்டப் பிள்ள மண்ணு போட்டா, அது அவனுக்கே போட்ட மாதிரில்லா ஆவும்ட்டி?"

"அவன் வர மாட்டேங்கான்."

"வருவான். ஐஸ் இருக்குல்லா?"

எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். சாமியாரிடம் போனேன், அவரும், "பொறு மகளே, ஆண்டவருடைய வருகைக்கே ரெண்டாயிரம் வருசமா காத்திருக்கோம்" என்றார். நான், "அவருக்குக் கப்பல்ல ஆறு மாச கான்ட்ராக்ட் இல்லல்லா சாமி" என்றேன். கதவைக் காட்டினார்.

திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்து ஐஸ் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். யோசிப்பதற்கு அதிகம் ஒன்றுமில்லை. இந்த ஊரின் மகன்கள் பாசத்தால் வந்தார்கள், கடமையால் வந்தார்கள் என்று நாங்கள் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர்கள் வந்தது ஐஸ் உருகியதால்.

மறுநாள் மத்தியானம், பூசையும் ஆளும் இல்லாத நேரத்தில், கூடத்துக்கு ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போனேன். நடைபாதை நெடுக ஊற்றினேன். மேடைகளின் ஓரத்தில் இருந்த உமிச் சாக்குகளை நனைத்தேன். மண்டியிட்டு, தண்ணீரில் ட்யூப்லைட் பளபளக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்தேன். வெளிநாட்டில் இருக்கிற ஊர்ப்பயல்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப் ஒன்று உண்டு, பெயர் 'சீலாத்துறை சிங்கங்கள்'. அப்பா செத்த அன்று இரங்கல் செய்திகளைப் பார்க்க என்னையும் சேர்த்திருந்தார்கள். அதில் போட்டேன். ஒரே ஒரு வார்த்தைதான் எழுதினேன்: உருகுது.

சிங்கங்கள் மூன்றே நாளில் வந்தன. துபாய், தோகா, மஸ்கட், கனடா, ஆறு மாதமாக லீவே கிடையாது என்று சொன்ன இடங்களிலிருந்தெல்லாம் லீவு வந்தது. வேன் வேனாக இறங்கி, சக்கரம் வைத்த பெட்டிகளை மணலில் இழுக்க முடியாமல் இழுத்துக்கொண்டு, செண்டு வாசத்தோடு கூடத்துக்குள் ஓடி, ஐஸைத் தொட்டுப் பார்த்து, அது கருங்கல் மாதிரி உலர்ந்து கிடப்பதைப் பார்த்து, "எங்கலே உருகுது?" என்று ஒருத்தரையொருத்தர் கேட்டுக்கொண்டார்கள்.

என்னைக் கமிட்டிக்குக் கூப்பிட்டார்கள். தார்சியூஸ் மாமாவின் பக்கத்தில் அவருடைய தோகா அண்ணன், அவர் கையில் இன்னும் விமானத்துச் சீட்டு.

"பொய் சொன்னியாட்டி?"

"ஆமா."

"எதுக்கு?"

"உண்மையச் சொன்னேன், யாரும் வரல."

தார்சியூஸ் மாமா அடிக்கத்தான் எழுந்தார். ஆனால் தோகா அண்ணன் கையைப் பிடித்துவிட்டார், அவருக்கு அஞ்சு நாள்தான் லீவு, அதில் ஒன்றை என்னை அடிப்பதற்குச் செலவழிக்க அவர் தயாராக இல்லை. வந்தது வந்தாயிற்று, இனிமேல் அடக்கம் செய்யாமல் திரும்பிப் போனால் ஊர் என்ன சொல்லும்? மறுநாள் காலையிலிருந்து அடக்கம். ஒரு நாளைக்குப் பதின்மூன்று, பதினாலு. சாமியாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, கோயில் மணிக் கயிறு அறுந்தது, வெட்டியான் கூலிக்கு ஆள் வைத்தார். மூன்று நாளில் நாற்பது மகன்கள் நாற்பது குழியில் முதல் மண் போட்டார்கள், நாற்பது வீட்டிலும் புகை எழும்பியது, பரோட்டாக் கடைகள் ஆறு மூடின.

நாற்பத்தொன்றாவது மகன் வரவில்லை.

நான் போன் செய்தேன். "எல்லாரும் வந்துட்டாவ. நீ ஏன் வரல?"

டெரன்ஸ் அண்ணன் சிரித்தான், சண்டைக்காரன் சிரிப்பு இல்லை. "ஊர்க்காரன்ட்டச் சொல்லு, நம்புவான். எங்கிட்டயே சொல்லுதியே. அப்பா போட்ட ஐஸு தெக்லா. அது உருகாது."

அவன் அப்பாவை நம்பினான். நம்பியதால் வரவில்லை.

அந்தப் பெரிய ஹாலில் அப்பா மட்டும் கிடந்தார். காலியான ஐஸ் மேடைகளுக்கு நடுவே அம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாள் அப்படிப் போனது. மூன்றாம் நாள் தார்சியூஸ் மாமா வீட்டுக்கே வந்தார், செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார். அவர் மகளுக்கு அடுத்த புதன்கிழமை கல்யாணம். தென்னந்தோப்பில் வைத்தால் மாப்பிள்ளை வீட்டார் குறைவாக நினைப்பார்கள்.

"ஒத்த ஆளுக்காவ மண்டபத்தையே எத்தன நாளு பூட்டிவைக்கது தெக்லா, நீயே சொல்லு. கமிட்டில பேசினோம். மூத்தவன் கடல்ல இருந்தா மகளும் மண்ணு போடலாம்னு பழைய வழக்கத்துலயே இருக்காம்."

"எவ்வளவு பழைய வழக்கம் மாமா?"

"ரொம்பப் பழசு," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்தோம். வியாகுலம் மாமியும் ஏலத்துப் பொம்பளைகளும் தூக்கினார்கள், மச்சாது முதலாளி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். அப்பாவைத் தூக்கியபோது நான் அந்த ஐஸைப் பார்த்தேன். நாலு மாதம் கிடந்திருக்கிறார், ஒரு முதுகின் அச்சு, ஒரு தோளின் பள்ளம், எதுவும் அதில் விழுந்திருக்கவில்லை. எனக்கு அதன்மேல்தான் ஆத்திரம் வந்தது. கல்லறைத் தோட்டத்து மண் சூடாக இருந்தது, வெயில் முழுவதையும் வாங்கி வைத்திருந்தது. குனிந்து கை நிறைய அள்ளினேன். போடுவதற்கு முன்னால் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். தடுக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கையும் மண்ணுக்குள் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்தே போட்டோம். பெட்டியின் மேல் மண் விழுந்த சத்தம் கேட்டதும் அம்மா வாயைத் திறந்து அழுதாள், நாலு மாத அழுகை, தெருமுனைவரை கேட்டதாகச் சொன்னார்கள்.

அதற்குப் பதினைந்து நாள் கழித்து ஐஸ் உருகியது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, உருகுவது நின்றபோதும் யாரும் சரியாகக் கேட்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் நனைந்த பின்பக்கத்தோடு பஸ் ஏறினார்கள். கல்வெட்டில் தார்சியூஸ் மாமாவின் பெயர் பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாக வழிந்து, கடைசியில் 'தா' மட்டும் நின்று, அதுவும் போனது. வியாபாரிகள் அடுக்கிவைத்திருந்த இரண்டு வருஷத்துப் புது மீன் ஒரே மத்தியானத்தில் இரண்டு வருஷமும் நாறியது. மச்சாது முதலாளி தெருவெல்லாம் ஓடி, "உருகுதுலே, உருகுது!" என்று கத்தி, மறுபடியும் லட்டு கொடுத்தார், பிறகு எங்கள் வீட்டு வாசலில் மூச்சிரைக்க நின்று, ஆபரேட்டர் வேலைக்கு வருகிறாயா என்று என்னைக் கேட்டார். சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். அப்பாவுக்குக் கொடுத்ததையே சொன்னார். அது போதாது என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

டெரன்ஸ் அண்ணன். மூச்சு வாங்கியது.

"தெக்லா, குரூப்ல வீடியோ பாத்தேன். நெசமாவே உருகுதா? நான் சிங்கப்பூர்ல எறங்கிட்டேன், டிக்கெட் போட்டுட்டேன். நாளன்னிக்கு வந்துருவேன். அப்பாவ மட்டும் அதுவர எப்பிடியாவது வச்சிருங்க."

"அப்பாவுக்கு மண்ணு போட்டு பதினஞ்சு நாளாச்சு அண்ணே."

விமான நிலையத்தில் யாரோ எதையோ அறிவிப்பது கேட்டது.

"யாரு போட்டது?"

"நானும் அம்மாவும்."

சின்னப் பிள்ளை மாதிரி, "அப்போ நான் இனி வந்து என்ன செய்ய?" என்றான்.

"அம்மா இருக்கா," என்றேன். "அவளுக்கு ஐஸ் கிடையாது. சீக்கிரம் வா."